பட்டறைக்குப் போனால் சரியாகிவிடும் கார்

திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒற்றைச் சத்தம், அவ்வளவுதான். தெருவில் நாலு பேர் கைகொடுக்க, வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோகிறார்கள். அவர் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைக்கிறார். 14.2 வோல்ட். “நல்லா சார்ஜ் ஏறுதே சார், பேட்டரிதான் வீக்” என்கிறார். புது பேட்டரி மாட்டியாகிறது. மூன்று வாரம் கழித்து இன்னொரு காலையில் அதே ‘டிக்’.

எலக்ட்ரீஷியன் ஏமாற்றவில்லை. அவர் மீட்டர் வைத்த அந்த நிமிடத்தில் வண்டி உண்மையாகவே நன்றாகச் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. பழுது அப்போது அங்கே இல்லை. முழுசாக அறுந்துபோன வயரை எவரும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். சில நேரம் அறுந்தும் சில நேரம் ஒட்டியும் இருக்கிற வயர்தான் ஆளைப் படுத்தி எடுக்கும். விமானப் பராமரிப்பில் இந்தத் தொல்லை மிகப் பிரபலம். விமானி புகார் எழுதுவார். கருவியைக் கழற்றி மேசையில் வைத்துச் சோதிப்பார்கள். ‘பழுது எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த பறப்பில் அதே புகார் வரும். மேசையின் மேல் அதிர்வு கிடையாது, குளிர் கிடையாது, ஈரம் கிடையாது. வந்துபோகும் பழுதுக்கும் பிழைத்திருக்க ஒரு சூழல் வேண்டும். காரின் சார்ஜிங்கைப் பொறுத்தவரை அந்தச் சூழல் மின்னோட்டம், வெப்பம், குலுக்கல், சில சமயம் தண்ணீர். இவை இல்லாத இடத்தில் செய்கிற சோதனை எதையும் சொல்லாது.

முதலில் பேட்டரி. 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே செய்துகாட்டிய ஈயமும் கந்தக அமிலமும்தான் இன்றும் உள்ளே இருக்கின்றன. ஆறு அறைகள், அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் அல்லது கொஞ்சம் மேலே காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12-க்கும் கீழே போய்விட்டால், செல்ஃப் மோட்டார் கேட்கிற நூற்றைம்பது, இருநூறு ஆம்பியரைக் கொடுக்கத் திணறும். உள்ளே சார்ஜ் ஏற வேண்டுமென்றால் வெளியிலிருந்து இதைவிட அதிக மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஓடுகிற வண்டியில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கும் மேலே போனால் அமிலத்திலுள்ள நீர் வாயுவாகப் பிரிந்து போகத் தொடங்கும். குறைந்தாலோ, தகடுகளில் படிந்த ஈய சல்பேட் திரும்பக் கரையாமல் கெட்டிப்பட்டுவிடும். வாரக்கணக்கில் அரைப்பட்டினி போட்ட பேட்டரி நிஜமாகவே வீக் ஆகிவிடும். ஆகவே எலக்ட்ரீஷியன் சொன்னதில் பாதி சரி. பேட்டரி கெட்டுத்தான் இருந்தது, கெடுத்தது வேறு யாரோ.

பேட்டரி இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. அது காலத்தைக் கலைத்துவிடும். சார்ஜிங் நின்றுபோன அரை மணி நேரத்தில் இக்னிஷன், எரிபொருள் பம்பு, விளக்கு எல்லாமாகச் சேர்ந்து 20 ஆம்பியர் இழுத்தால் 10 ஆம்பியர் மணி போய்விடும். சிறிய காரின் 45 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது தாங்கக்கூடிய இழப்பு. மறுநாள் சார்ஜிங் ஒழுங்காக நடந்தால் கொஞ்சம் திரும்ப ஏறும். அதற்கடுத்த நாள் மறுபடி இறங்கும். வியாழக்கிழமை மாலை நெரிசலில் நடந்த தவறுக்குத் திங்கட்கிழமை காலையில்தான் தண்டனை. புது பேட்டரி மாட்டிய பிறகு மூன்று வாரம் ஓடியது பழுது நீங்கியதால் அல்ல. புது பேட்டரியின் கையிருப்பு தீர மூன்று வாரம் பிடித்தது. அதனால் ‘வண்டி என்றைக்கு நின்றது’ என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. ‘டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு பேட்டரி விளக்கு எப்போதாவது எரிந்ததா, லேசாக மினுங்கியதா, எந்த ரோட்டில், வண்டி ஸ்டார்ட் ஆகி எவ்வளவு நேரம் கழித்து’ என்று கேட்க வேண்டும். வண்டிக்காரர்கள் இதைக் கவனித்திருப்பார்கள், ஆனால் கேட்காமல் சொல்லமாட்டார்கள்.

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல வண்டிகளில் அது வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல, இயந்திரத்தின் ஓர் உறுப்பு.

பட்டறைகளில் இன்றும் டைனமோ என்றே அழைக்கப்படும் ஆல்டர்னேட்டருக்குள் சுழல்வது ஒரு மின்காந்தம். சுற்றிலும் அசையாமல் இருக்கும் மூன்று தொகுதிச் செப்புச் சுருள்களில் அது மாறுதிசை மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்ததற்கு மேல் இதில் புதுத் தத்துவம் ஒன்றுமில்லை. ஆறு டயோடுகள் அதை நேர்திசை மின்சாரமாக்கி வெளியே அனுப்புகின்றன. பழைய டைனமோவில் வெளியே போகிற மொத்த மின்னோட்டமும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் போயாக வேண்டும். பிரஷ் சீக்கிரம் தேயும், மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறாது. 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை எல்லா வண்டிக்கும் பொதுவாகப் பொருத்தியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். சென்னை பாடியில் இயங்கும் லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல் தொடங்கப்பட்டது, சரியாக இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில். ஆல்டர்னேட்டரிலும் பிரஷ் உண்டு. ஆனால் அதன் வழியே போவது சுழலும் மின்காந்தத்துக்கு வேண்டிய மூன்று, நான்கு ஆம்பியர் மட்டும். ரெகுலேட்டர் இந்தச் சிறு ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் வெளியே போகும் ஐம்பது, அறுபது ஆம்பியரை ஆட்டிவைக்கிறது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. மின்சாரம் உண்டாக்கக் காந்தம் வேண்டும். காந்தம் உண்டாக்க மின்சாரம் வேண்டும். யார் முதலில் தொடங்குவது? பல வண்டிகளில் தொடங்கிவைப்பது அந்தச் சிவப்பு விளக்குதான். சாவியைப் போட்டதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் விளக்கின் வழியாகப் போய், ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளில் இறங்கி எர்த் ஆகிறது. விளக்கு எரிகிறது, காந்தம் லேசாக விழித்துக்கொள்கிறது. 2 வாட் பல்பு என்றால் ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குதான். அது போதும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் தன் காலில் நின்றுவிடும். தன் பக்கமிருந்தும் 14 வோல்ட்டை விளக்கின் மறுமுனைக்குக் கொடுக்கும். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இருந்தால் நடுவில் ஓட்டம் இல்லை. விளக்கு அணைகிறது. எந்த சென்சாரும், எந்தக் கணினியும் இல்லாமல், ஒரு பல்பு தொடக்கிவைக்கிறது, கண்காணிக்கிறது, அறிக்கையும் தருகிறது. வண்டியின் மின்னமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இதை வைத்துப் பார்த்தால் பல புதிர்கள் தாமாகவே அவிழும். சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லை என்றால் அது நல்ல செய்தி அல்ல: பல்பு போயிருக்கலாம், அல்லது அந்தச் சிறு வயரின் கப்ளர் கழன்றிருக்கலாம். அப்போதும் இரும்பில் மிச்சமிருக்கும் பழைய காந்தத்தன்மையைக் கொண்டு ஆல்டர்னேட்டர் சில சமயம் தானே எழுந்துவிடும், ஆனால் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்த பிறகுதான். ஹைவேயில் சார்ஜ் ஏறும். வீட்டிலிருந்து கடைத்தெரு வரை மெதுவாகப் போய்த் திரும்பினால் ஏறாது. பார்க்கிறவருக்கு இது காரணமின்றி வந்துபோகும் பழுதாகத்தான் தோன்றும். மீட்டர் போர்டு அழகாக இருக்கட்டும் என்று பழைய பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டியவர்களுக்கும் இதே கதி நேர்வதுண்டு. எல்.இ.டி. வழியே போகும் ஓட்டம் மிகக் குறைவு, காந்தத்தை எழுப்ப அது பற்றாது. விளக்கு முழுசாக எரியாமல் ராத்திரியில் மட்டும் தெரிகிற அளவு மங்கலாக மினுங்கினால், இரண்டு முனைகளுக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். டயோடு ஒன்று போயிருக்கலாம், அல்லது எங்கோ ஓர் இணைப்பில் அழுத்தம் விழுகிறது.

அந்த ‘எங்கோ ஓர் இணைப்பு’தான் பெரும்பாலான நேரம் குற்றவாளி. லூஸ் கான்டாக்ட் என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறோம். அதற்குள் இருக்கிற இயற்பியல் அவ்வளவு எளிதல்ல.

இரண்டு உலோகப் பரப்புகளை எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்து அழுத்தி வைத்தாலும் அவை முழுப் பரப்பிலும் தொடுவதில்லை. இரண்டு பலாப்பழங்களை ஒட்டி வைத்தால் முள் நுனிகள் மட்டும் முட்டிக்கொள்வது போலத்தான். கேம்பிரிட்ஜில் பவ்டனும் டேபரும் உராய்வை ஆராய்ந்தபோது, தொட்டுக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கும் பரப்பில் மிகச் சிறு பங்குதான் உண்மையில் தொடுகிறது என்று காட்டினார்கள். சுவீடனில் பிறந்த ராக்னர் ஹோல்ம் தன் ஆயுளின் பெரும்பகுதியை மின் இணைப்புகளுக்கே கொடுத்தவர். மின்னோட்டம் முழுவதும் அந்த நுண்ணிய புள்ளிகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டுதான் போகிறது, அந்த நெரிசலே ஒரு மின்தடை என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். புள்ளியின் ஆரம் பாதியானால் தடை இரட்டிப்பாகும். புள்ளிகள் சுத்தமாகவும் நிறையவும் இருக்கும்வரை இது பொருட்டே இல்லை.

காரில் அவை சுத்தமாக இருப்பதில்லை. எஞ்சின் அதிர்வில் கப்ளருக்குள் இருக்கும் பின்கள் மைக்ரோமீட்டர் அளவில் முன்னும் பின்னும் உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு உரசலிலும் மேலிருக்கும் வெள்ளீயப் பூச்சு துளி உதிர்ந்து, காற்றில் ஆக்சைடாகி அங்கேயே தங்கிவிடும். ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. நாளடைவில் தொடுபுள்ளிகளுக்கு நடுவே இந்தத் தூள் ஏறி நிற்கும். பேட்டரி முனையில் அமிலப் புகை பட்டு வெள்ளையாகவும் பச்சை நீலமாகவும் பூக்கிறதே, அது கண்ணுக்குத் தெரிகிற பெரிய வடிவம்.

இனிமேல்தான் விசித்திரம். இந்தக் கெட்ட இணைப்பு தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளவும் செய்யும். மெல்லிய ஆக்சைடு படலத்தின் இருபுறமும் அழுத்த வேறுபாடு ஓரளவைத் தாண்டினால் படலம் உடைந்து, உலோகம் ஊடுருவிப் பாலம் போட்டுவிடும். சிறு தொடுபுள்ளியில் விழும் வோல்ட்டுக்கும் அந்தப் புள்ளியின் வெப்பத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு: செம்பு இணைப்பில் 0.12 வோல்ட் அளவில் புள்ளி இளகத் தொடங்கும், 0.43 வோல்ட் அளவில் உருகிவிடும். இளகினாலோ உருகினாலோ புள்ளி பெரிதாகிறது, தடை இறங்குகிறது, பழுது மறைகிறது. அடுத்த பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது அந்தப் பாலம் முறியும். பழுது திரும்பி வரும். கப்ளரை ஒருமுறை கழற்றி மாட்டினாலே பின்கள் ஒன்றையொன்று வழித்துச் சுத்தமாகிவிடும். பத்து நாள், இருபது நாள் வண்டி சமர்த்தாக ஓடும். பட்டறைக்குப் போனதும் கார் சரியாகிவிடும் மர்மத்துக்கு இது ஒரு விளக்கம். சோதிக்கும் சாக்கில் எல்லாவற்றையும் தொட்டு ஆட்டிக் கழற்றி மாட்டியதே தற்காலிக வைத்தியம். அதனால் கை வைப்பதற்கு முன் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் ஒரு திருகைக்கூட முறுக்கக் கூடாது. பட்டறையில் பொறுமையைக் கோருகிற பாடம் இது, ஏனென்றால் வாடிக்கையாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டு ‘என்ன, ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்’ என்று நினைப்பார்.

எதைக் கொண்டு அளப்பது என்பதிலும் ஒரு பொறி உண்டு. வயரின் இரண்டு நுனியிலும் மீட்டரை வைத்து ‘பீப்’ சத்தம் கேட்டதும் வயர் நல்ல வயர் என்று முடிவு கட்டுவது வழக்கம். பல மீட்டர்கள் சில பத்து ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாலும் அடிக்கும், ஏனென்றால் மீட்டர் அதன் வழியே அனுப்புவது மில்லிஆம்பியர் கணக்கில் மிகச் சிறு ஓட்டம். ஒற்றை இழைக்கு அது சுமையே இல்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் பெரிய வயரில் 40 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வயர் முனையிலுள்ள லக்கில் 0.05 ஓம் தடை உண்டாகியிருந்தால், 40-ஐ 0.05 ஆல் பெருக்கினால் 2 வோல்ட். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்கு 12.2-தான் போய்ச்சேரும், சார்ஜ் ஏறாது. அந்த லக்கில் 80 வாட் வெப்பம் வேறு. இந்த 0.05 ஓமை மீட்டரின் ஓம் அளவீட்டில் பார்க்க முடியாது. மீட்டரின் இரண்டு வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு.

ஆகவே தடையை அளக்காதீர்கள், தடை செய்கிற வேலையை அளங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் போட்டு, எஞ்சின் வேகத்தை 2000 சுற்றுக்கு ஏற்றி, மின்னோட்டம் நிறையப் போகும்போது மீட்டரை வோல்ட்டில் வைக்க வேண்டும். ஒரு முனை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டில், மறு முனை பேட்டரியின் பாசிட்டிவ் முனையில். நல்ல வயரானால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் காட்டினால் பழுது அந்த வழியில்தான். பிறகு லக், ஃபியூஸ், அடுத்த லக் என்று துண்டு துண்டாக நகர்ந்தால் எந்த அடியில் எண் குதிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதேபோல எர்த் பக்கமும்: ஆல்டர்னேட்டரின் உடலில் ஒரு முனை, பேட்டரி நெகட்டிவில் மறுமுனை. இதைப் பலர் செய்வதே இல்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினையும் பாடியையும் இணைப்பது ஒரு தடித்த எர்த் வயர் மட்டுமே. எஞ்சின் இழுக்கும்போதெல்லாம் மவுண்டிங்கில் சாய்ந்து அந்த வயரை வளைக்கிறது. பல வருடம் வளைந்த வயர் மேலுறைக்குள்ளேயே இழை இழையாக அறும், வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும். மேட்டில் ஏறும்போது மட்டும் பேட்டரி விளக்கு எரிகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். எர்த் வயர் அறுந்தால் மின்சாரம் சும்மா இருப்பதுமில்லை, வேறு வழி தேடும். கேபிள் கிளட்ச், கேபிள் ஆக்சிலேட்டர் உள்ள பழைய வண்டிகளில் அந்த இரும்புக் கேபிள் வழியாகத் திரும்பிப் போய், கேபிள் கொதித்து இறுகிக்கொள்ளும். கிளட்ச் மெக்கானிக்கிடம் போய் நிற்கும் மின்சாரப் பழுது!

வெப்பம் அடுத்த சந்தேக நபர். காலையில் சரி, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கோளாறு, ஆறினால் மறுபடி சரி என்றால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியிலிருந்து 100-க்குப் போனால் முப்பது சதவீதத்துக்கும் மேல். குளிர்ந்த நிலையில் 4 ஆம்பியர் எடுத்த காந்தச் சுருள் சூட்டில் 3 ஆம்பியர்தான் எடுக்கும்; காந்தம் மெலியும். நல்ல ஆல்டர்னேட்டருக்கு இதைத் தாங்குகிற தெம்பு உண்டு. டயோடு ஒன்று போனதற்கு, பிரஷ் தேய்ந்ததற்கு அது கிடையாது. ரெகுலேட்டரில் விரிசல் விட்ட ஈயப் பற்றும் சூட்டில் விரிந்து பிரியும், குளிர்ந்தால் சேரும். இங்கே மருந்து விலை குறைவு: தலைமுடி உலர்த்தும் டிரையரால் சந்தேகப்படும் ஒரு பாகத்தை மட்டும் சூடாக்கி, மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது. பழுது தானாக வரட்டும் என்று காத்திருப்பதைவிட வரவழைப்பது நல்லது. எஞ்சின் ஓடும்போது பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டாத தூரத்திலுள்ள வயர்களை மரக்கட்டையால் தட்டி ஆட்டிப் பார்ப்பதும் இந்த வகைதான்.

வரவழைக்கக் கூடாத முறை ஒன்றும் நம் ஊர்ப் பட்டறைகளில் நடக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பது. எஞ்சின் நின்றால் டைனமோ போச்சு, ஓடினால் நல்லது என்று தீர்ப்பு. டைனமோ காலத்தில் கற்ற பழக்கம். ஆல்டர்னேட்டர் நிறைய மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால், சுழலும் காந்தம் உடனே தணியாது. சுருளில் தேங்கிய ஆற்றல் இறங்க அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். அதற்குள் வண்டியின் வயர்களில் அழுத்தம் எகிறிவிடும். தடுப்பு இல்லாத 12 வோல்ட் அமைப்பில் அது 100 வோல்ட்டையும் தொடலாம் என்று வைத்துத்தான் வாகன மின்கருவிகளுக்கான சர்வதேசச் சோதனை விதி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பழுதைத் தேடப்போய், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.-வையும் சேர்த்து எரித்துவிட்டு வர இதைவிட நல்ல வழியில்லை.

வீட்டிலிருக்கும் வண்டிக்காரர் செய்யக்கூடியது வேறு. பழுது வரும் கணத்தில் இரண்டு எண் தெரிந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும்: ஆல்டர்னேட்டர் போல்ட்டில் எத்தனை வோல்ட், பேட்டரியில் எத்தனை வோல்ட். இரண்டிலிருந்தும் நீண்ட மெல்லிய வயர், நடுவே சின்ன ஃபியூஸ் போட்டு, வண்டிக்குள் கொண்டுவந்து இரண்டு மலிவான வோல்ட்மீட்டர்களில் இணைத்துவிட்டு வழக்கம்போல ஓட்ட வேண்டும். விளக்கு மினுங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் படித்துச் சொல்லட்டும். ஆல்டர்னேட்டரில் 14-க்கு மேல், பேட்டரியில் 12.3 என்றால் நடுவிலிருக்கும் வயரோ எர்த்தோ. இரண்டிலும் 12.3 என்றால் ஆல்டர்னேட்டரே தூங்கிவிட்டது. பிரஷ், ரெகுலேட்டர், விளக்கு வயர், ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் ஆகியவற்றில் தேட வேண்டும். இரண்டிலும் 15.5-க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழக்கிறது, அல்லது பேட்டரியின் அழுத்தத்தை அதற்குச் சொல்கிற சிறு வயர் விட்டுவிட்டு வேலை செய்கிறது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வோல்ட்மீட்டர் சுலபம்தான், ஆனால் அந்தத் துளைக்கு வரும் வயரிலேயே அழுத்தம் விழுந்துவிடும். ஏறி இறங்குவதைப் பார்க்க உதவும், எண்ணை நம்பக் கூடாது.

டயோடு போனதை இந்த எண்கள் காட்டாமலும் போகலாம். ஆறில் ஒன்று திறந்துபோனால் மிச்சம் ஐந்து வேலை செய்யும். வெறும் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டே காட்டும், சுமை ஏறினால்தான் விழும். மீட்டரை மாறுதிசை வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் வைத்தால் தெரியும். நல்லதில் பத்தில் ஒரு வோல்ட்டுக்குள் நிற்கும் அலை, கெட்டதில் அரை வோல்ட்டைத் தாண்டும். ஸ்டீரியோவில் எஞ்சின் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் ‘ங்ங்’ என்ற ஓசையும் இதே அலைதான். டயோடு திறப்பதற்குப் பதில் கசிய ஆரம்பித்தால் கதை ராத்திரியில் நடக்கும்: நின்றிருக்கும் வண்டியின் பேட்டரியை ஆல்டர்னேட்டரே குடித்துவிடும்.

சில வண்டிகளில் பழுதே இருக்காது, வரவுசெலவுதான் இடிக்கும். 70 ஆம்பியர் என்று பெயர்ப்பலகையில் போட்ட ஆல்டர்னேட்டர் அதை முழு வேகத்தில்தான் தரும். வண்டி நின்று எஞ்சின் 800 சுற்றில் ஓடும்போது பாதியோ, அதற்கும் குறைவோதான். ஐப்பசி மாதம், இரவு எட்டு மணி, மழை, சிக்னலில் ஊர்ந்து போகிறீர்கள். ஹெட்லைட்டுகளுக்கு ஒன்பது ஆம்பியர், முழு வேகப் புளோயருக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்குமாக இருபத்தைந்து, எஞ்சினின் சொந்தத் தேவை பத்து, வைப்பர் ஐந்து. ஐம்பதுக்குப் பக்கம். வரவு முப்பத்தைந்து. குறையும் பதினைந்தைப் பேட்டரி கொடுக்கிறது; ஒரு மணி நேரத்தில் அதன் மூன்றிலொரு பங்கு காலி. சனிக்கிழமை ஊருக்குப் போய் வந்தால் நிரம்பிவிடும். ஸ்டீரியோவும் கூடுதல் விளக்குகளும் மாட்டிய வண்டியில் இந்தக் கணக்கைப் போடாமல் ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் பயனில்லை.

சமீபத்திய வண்டிகள் இன்னொரு குழப்பத்தைச் சேர்த்திருக்கின்றன. எரிபொருளை மிச்சப்படுத்த, இ.சி.யு. தானே சார்ஜிங்கைக் குறைத்துக் கூட்டுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்து வேகமெடுக்கும்போது ஆல்டர்னேட்டரின் சுமையைத் தளர்த்தும். காலை எடுத்ததும் அல்லது பிரேக் போட்டதும் ஏற்றும். மீட்டர் 12.8-க்கும் 14.8-க்கும் இடையே ஆடும். பேட்டரி நெகட்டிவ் முனையில் சின்னப் பெட்டி போன்ற மின்னோட்ட சென்சார் தெரிந்தால், 13 வோல்ட்டைப் பார்த்ததும் ஆல்டர்னேட்டரை மாற்றிவிட வேண்டாம். எல்லா விளக்கையும் போட்டு, இ.சி.யு. எவ்வளவு கேட்கிறது என்று ஸ்கேனரில் பார்த்த பிறகு பேசலாம்.

கடைசியாக, பழுது நீங்கியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எர்த் வயரை மாற்றினோம், ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. போதுமா? பழுது எவ்வளவு அடிக்கடி வந்தது என்பதைப் பொறுத்தது. சராசரியாகப் பத்து நாளுக்கு ஒருமுறை, எந்த ஒழுங்குமில்லாமல் வந்துகொண்டிருந்தது என்றால், சரிசெய்யாமல் விட்டாலும் ஒரு வாரம் தொடர்ந்து தப்பிக்க ஏறத்தாழ ஐம்பது சதவீத வாய்ப்பு இருக்கிறது. நாணயத்தைச் சுண்டுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. முப்பது நாள், அதாவது சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு, பழுது வராமல் இருந்தால்தான் அந்த வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்கு இறங்கும். அதுவரை காசு கொடுத்து முடித்தாலும் கேஸ் முடியவில்லை. ஒரே நாளில் எர்த் வயரையும் பிரஷையும் பேட்டரியையும் மாற்றியிருந்தால், முப்பது நாள் கழித்தும் எது குணப்படுத்தியது என்று தெரியாது. அடுத்த வண்டிக்கு அந்தப் பாடம் உதவாது.

இந்த மூன்று மடங்குக் கணக்கு, பழுது எந்த நாளிலும் வரக்கூடியது என்று வைத்துப் போட்டது. ஈரம் பட்டால் மட்டும் வழுக்கிக் கீச்சிடும் பெல்ட்டை அது கட்டுப்படுத்தாது. சித்திரையில் பெல்ட்டை இறுக்கிவிட்டு முப்பது நாள் எண்ணிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கையை எட்ட வைத்துக்கொண்டு, ஸ்ப்ரே பாட்டிலில் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் அடித்து, ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டு, வோல்ட் இறங்குகிறதா என்று பார்க்கலாம். அதற்கு மனமில்லாதவர்கள் ஐப்பசி வரை பொறுத்திருக்க வேண்டும்.